ஊசியம்மா அடித்த முதல் ஆணி

ஊசியம்மாவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது அவள் பார்க்கும் வேலைதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், கையை நீட்டுகிறவர்களுக்கெல்லாம் ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். நரம்பே தென்படாத கையில்கூடப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரே குத்தில் காரியத்தை முடித்துவிடுவாள். மலை மாதிரி ஆட்கள் மயங்கிச் சாய்வார்கள். அவள் அசர மாட்டாள். அப்படிப்பட்டவளுக்குச் சுவரில் ஒரு ஆணி அடிக்கக் கை வரவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானும் நம்பியிருக்க மாட்டேன்.

அடிக்க வேண்டியது ஒரு படத்துக்காக. அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கல்யாணமான புதிதில் மனைவிக்காக ஒரு படம் வரைந்து, சட்டம் போட்டுக் கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் தூரிகையைத் தொட்டதில்லை. குளத்தில் இரண்டு வாத்து. வாத்து என்று சொன்னால்தான் வாத்து; சொல்லாவிட்டால் யாரோ குளக்கரையில் விட்ட செருப்பு தண்ணீரில் இறங்கிவிட்டது என்றுதான் தோன்றும்.

படத்தை மாட்டத்தான் இடமில்லை. குடியிருந்த வாடகை வீடுகளில் எல்லாம் சொல்லிவைத்தாற்போல ஒரே சட்டம்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஒரு வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், ஏற்கெனவே இருக்கிற ஆணியைப் பிடுங்கவும் கூடாது என்றார். இன்னொரு வீட்டுக்காரம்மா வரும்போதெல்லாம், குழந்தையின் முதுகைத் தடவுவதுபோலச் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். ஆகவே கடிகாரம் ஃபிரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்தது, காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. வாத்துகள் கட்டிலுக்குப் பின்னால் போர்வை மூட்டையோடு குடித்தனம் நடத்தின.

"சுவரைத் தலையில தூக்கிட்டா போகப் போறாங்க?" என்று ஊசியம்மா ஒவ்வொரு வீட்டிலும் பொருமுவாள். "நம்ம வீடுன்னு ஒண்ணு வரட்டும். உள்ள நுழைஞ்சதும் கண்ணுல படுற இடத்துல மாட்டுறேனா இல்லையா பாருங்க."

அந்தப் பேச்சைக் கேட்டால் அன்றைக்குக் கணவருக்கு இன்னொரு கரண்டி சோறு கூடுதலாக இறங்கும்.

கடைசியில் சொந்த வீடும் வந்தது. சின்ன வீடுதான், ஆனால் வெண்ணெய் மாதிரி வழவழவென்று இளமஞ்சள் சுவர். முதல் விடுமுறை நாளிலேயே கணவர் சுத்தியலும் ஆணியுமாக வந்து நின்றார். ஊசியம்மா அளந்து, பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அவர் சுத்தியலை ஓங்கினார்.

"இருங்க, அந்த இடத்துல வயர் போகுதோ என்னவோ."

அடுத்த வாரம் வேறு சுவர். அங்கே வெயில் பட்டு வர்ணம் வெளுத்துவிடுமாம். அதற்கடுத்த சுவரில் கதவு திறந்தால் இடிக்குமாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் நேராகத்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் போனதும் ஊசியம்மா பென்சில் குறியை ரப்பரால் அழித்து, தூசியை வாயால் ஊதி, அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிக் கொடுத்தாள்.

கல்லூரிக்குப் போகும் மகள் தன் அறைக்கு ஒரு ஆணி கேட்டாள்.

"ஆணியா? சுவர் என்னத்துக்கு ஆகும்?"

"அம்மா, பழைய வீட்டுக்காரங்க எல்லாரும் உனக்குள்ள குடிவந்துட்டாங்க போலிருக்கு."

"வாய் ரொம்ப நீளுது," என்றாள் ஊசியம்மா.

அன்று சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது, கணவர் படத்தைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"பரண்ல வைக்கிறேன். மாட்ட உனக்கு இஷ்டமில்லைன்னு புரியுது. அங்க வீட்டுக்காரங்க மேல பழியைப் போட்டோம். இங்க பாவம், நீ ஒவ்வொரு வாரமும் புதுசா யோசிக்க வேண்டியிருக்கு. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை."

எந்த மனுஷன் வருத்தமில்லாமல் அப்படிச் சொல்லியிருக்கிறான்? சுவருக்காகப் பயந்தோமே, இந்த மனுஷர் தன் படத்துக்குத்தான் மதிப்பில்லை என்று நினைத்துவிட்டாரே என்று ஊசியம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. கைப்பையைக்கூடக் கழற்றவில்லை. சுத்தியலையும் ஆணிகளையும் எடுத்தாள், வாசலுக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

முதல் அடியில் ஆணி வளைந்தது. வேறு ஆணி வைத்தாள்; இரண்டாவது அடிக்குக் கையகலப் பூச்சு பெயர்ந்து காலடியில் விழுந்தது. ஊசியம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு மூன்றாவதாக ஒன்று போட்டாள். ஆணி நின்றது. அவளே போர்வையைப் பிரித்து, படத்தை மாட்டினாள்.

இருவரும் எதிரே உட்கார்ந்து பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தை நிமிர்த்தி, எட்ட இருந்து, வெளிச்சத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார். அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"அவ்வளவு ஒண்ணும் நல்லா இல்ல, இல்ல?" என்றார் மெதுவாக.

"நல்லா இல்லதான்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க குடுத்த அன்னைக்கே."

"தெரிஞ்சுமா வீடு வீடா தூக்கிட்டு வந்தே?"

"பின்ன? எனக்குன்னு நீங்க வரைஞ்சது. விட்டுட்டா வர முடியும்?"

அவர் எழுந்து, "கழட்டிடவா?" என்று சட்டத்தின் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"தொட்டுப் பாருங்க, தெரியும்," என்று சொல்லிவிட்டு, பெயர்ந்த பூச்சைக் கூட்டத் துடைப்பம் எடுக்கப் போனாள் ஊசியம்மா.