தோண்டாமல் நட்ட செடி

என் அண்ணியை எல்லோரும் 'லிட்மஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வேதியியல் ஆய்வகத்தில் இருபது வருடமாக உதவியாளர். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, லிட்மஸ் தாள் இருக்கும். குழாய்த் தண்ணீரானாலும் நான் போட்ட எலுமிச்சை ஜூஸானாலும் தாளை முக்கிப் பார்த்துத்தான் நம்புவாள். மனிதர்களுக்கு மட்டும் தாள் தேவையில்லை, பார்த்தவுடனே சொல்லிவிடுவாள்.

அண்ணனும் அவளும் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒரு பழைய கட்டட கான்ட்ராக்டர். குடிவந்த அன்றே கறாராகச் சொன்னார்: "பின்பக்கம் எங்கயும் தோண்டக் கூடாதும்மா. ஒப்பந்தத்துலயே போட்டிருக்கேன்."

வீடு கட்டி மிஞ்சிய சிமென்ட், சுண்ணாம்பு எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டி மூடியிருந்தார். குட்டு வெளிப்படக் கூடாதே! என் அண்ணன் வாயில்லாப்பூச்சி. சரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தான்.

அடுத்த வாரமே அண்ணி ஒரு ரோடோடெண்ட்ரான் என்ற மலைப்பூச்செடிக் கன்றோடு வந்து நின்றாள். எந்தக் காலத்திலும் இலை உதிர்க்காதாம், ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்குமாம். ஆனால் அமில மண்தான் வேண்டும், சுண்ணாம்பு ஆகவே ஆகாது.

"இந்தச் சுண்ணாம்புக் காட்டுலயா அண்ணி? வேற செடியே கெடைக்கலயா?"

"வேற செடின்னா வேற யாராவது வளக்கட்டும்."

செங்கல் அடுக்கி, அதன் மேல் ஓர் அகலமான மரப்பெட்டியை வைத்தாள். தண்ணீர் வடிய அடியில் ஓட்டைகள். உள்ளே அமில மண்ணும் மக்கிய பைன் இலையும். இந்தச் செடிக்கு வேர் ஆழமாகப் போகாது, பாய் விரித்த மாதிரி பரவும் என்பதால் பெட்டியே போதும் என்றாள். குடிக்க, பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீர் மட்டும். அவள் தன் அம்மாவோடு இருந்துவிட்டு வரப் போன ஒரு மாதம், பீப்பாய் காலியானதும் நான் குழாயைத் திறந்துவிட்டேன். இலையெல்லாம் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. திரும்பி வந்தவள் என்னைத் திட்டவில்லை. குழாயடியில் சிவப்பு லிட்மஸ் தாளை நீட்டி, சுண்ணாம்புத் தண்ணீரில் அது நீலமானதும் என் கையில் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஐந்தாவது வருடம் பூத்தது. தெருவே எட்டிப் பார்த்தது. கான்ட்ராக்டரும் பார்த்தார். வீட்டைக் காலி செய்யச் சொன்னது அதற்கடுத்த மாதம்.

சாமான் ஏற்ற லாரி வந்த காலையில் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "செடிய எடுக்காதீங்க. என் மண்ணுல வேர் விட்டதெல்லாம் வீட்டோட சேர்ந்தது. ஒப்பந்தத்தப் படிச்சுப் பாருங்க."

ஐந்து வருட உழைப்பை அப்படியே அமுக்கப் பார்க்கிறார்! அண்ணன் வழக்கம்போலத் தரையைப் பார்த்தான். அண்ணி ஒப்பந்தத்தை எடுத்து நிதானமாக வாசித்தாள். பிறகு அவரைப் பின்பக்கம் கூட்டிப்போனாள்.

"கொஞ்சம் குனிஞ்சு பாருங்க சார்."

குனிந்தார். செங்கல் இடுக்கு வழியாக அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. ஒரு வேர்கூடத் தரையைத் தொடவில்லை.

"உங்க மண்ண நான் தொடவே இல்ல. தோண்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நாலு பேர் பெட்டியைத் தூக்கினோம். கான்ட்ராக்டர் மறுபடியும் வாசலில் போய் நின்றுகொண்டார். முன்னால் பிடித்திருந்த அண்ணன், ஐந்து வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

"நகருங்க சார். செடி வருது."