பேராயர் வீடு திரும்பினாரா?

இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி, அரசாங்கம் ஏக்கர் கணக்கில் அளந்து தந்த காணியில் நாங்கள் காடு வெட்டிக் குடியேறிய புதிது. புதன்கிழமை பின்னேரங்களில் ஓலைக் கோயிலில் போதகர் ஒரு சரித்திரம் சொல்லுவார். முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்துப் பேராயர் ஒருவருடைய வாழ்க்கை. ஆங்கிலப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிப் போவார். பேராயர் பெரிய படிப்பாளி. எபிரேயமும் அரபும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் சண்டை மூண்டபோது பட்டாளம் வந்து அவரை வீட்டை விட்டுத் துரத்தியது. எங்கோ ஒரு குக்கிராமத்தில், தெரிந்தவர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, ஊர் திரும்பும் நாளுக்காகக் காத்திருந்தார்.

"அங்கை அவருக்கு எத்தினை ஏக்கர் குடுத்தவை, ஐயா?" என்று பின்வரிசை வாங்கில் இருந்த ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கும் திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தது. யாழ்ப்பாணம், பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். வேதக்காரரை, ஒரு கிறிஸ்தவரை, கட்டினேன் என்று, "இனி இந்தப் படலை உனக்குத் திறவாது" என அம்மா வேலிக்கதவைக் காட்டிச் சொன்ன நாளிலிருந்து நான் போகவில்லை.

"வெளிக்கிடும், நான் கூட்டிக்கொண்டு போறன்" என்று என் கணவர் எத்தனையோ தரம் சொன்னார். எனக்குப் பயம். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டால் தாங்கமாட்டேன். முன்பென்றால் பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்திருப்பேன்: வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பென்றால் இல்லை. வேதத்துக்கு வந்தபின் அதற்கு வழியேது? பேராயரையே பூவாக்கிக்கொண்டேன். அவர் வீடு திரும்பினால் நானும் போவேன். இதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை போதகர் புத்தகத்தைத் திறந்தார். கடைசி அத்தியாயத்தைக் கறையான் தின்றிருந்தது.

"அவர் வீட்டை போயிருப்பாரோ, ஐயா?" என்று நான் எழுந்து கேட்டேன்.

"தெரியேல்லை, பிள்ளை. தெரியாததைச் சொல்லக் கூடாது. கொழும்புக்கு எழுதிக் கேக்கிறன்."

காலபோக நெல் வெட்டியாயிற்று, சிறுபோக நெல்லும் வெட்டியாயிற்று. பதில் வரவில்லை. எண்ணெய் வழியும் கையோடு அம்மா என் தலையை இழுத்து வாருவது நினைவில் வரும். குசினியில் புகையைச் சாட்டி அழுவேன். அம்மாவைப் பார்க்க அப்படி ஆசையாக இருந்தது. ஆனாலும் பிடிவாதமாகக் காத்திருந்தேன்.

தந்திதான் முதலில் வந்தது. அம்மா போய்விட்டா. செத்தவீட்டில் சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "கொம்மா ஒருநாளும் படலைக்குக் கொழுக்கி போட விடேல்லை. பிள்ளை வந்தாலும் வரும் எண்டு சொல்லுவா."

எட்டாம் நாள் செலவுச் சடங்கு முடிந்து திரும்பி வந்த கிழமை, போதகர் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு கடிதம்.

"பிள்ளை, பேராயர் வீட்டை போயிட்டார்! கிழவனான பிறகுதான். எண்டாலும் போயிட்டார்!"

"நல்லது, ஐயா" என்றேன். கதிரையை இழுத்துப் போட்டேன். தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனேன்.

அவருடைய வழியில் ஒரு பட்டாளமே நின்றது. என் வழியில் நின்றது ஒரு படலை. அதற்கும் கொழுக்கி போட்டிருக்கவில்லை.