மாமியிடம் சொல்லாத மருந்து

அப்பாவின் புற்றுநோய் வலிக்கு இங்கே கொலோனில் மருத்துவர் கஞ்சாத் துளிகள் எழுதிக் கொடுத்திருந்தார். தன் அக்காவை, என் மாமியை, பார்க்க அவர் மன்னாருக்குப் புறப்பட்டபோது, ஜெர்மன் மருந்துச்சீட்டு இருந்தாலும் அதை இலங்கைக்குள் கொண்டுபோகக் கூடாது என்று படித்தேன். பெட்டியிலிருந்து போத்தலை எடுத்து வைத்துவிட்டேன். அது சரிதான். தவறு பிறகு நடந்தது.

மூன்றாம் நாள் மாமி அங்குள்ள ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார். “பிள்ளை, கொப்பர் வலியில துடிக்கிறார். ஜெர்மனியில என்ன மருந்து எடுக்கிறவர் எண்டு டொக்டர் கேக்கிறார்.”

என் தோளில் குழந்தை அழுதுகொண்டிருந்தது. கஞ்சா என்று சொன்னால் போலீஸ் வருமோ, சொந்தக்காரர் என்ன கதைப்பார்களோ?

“சாதாரண வலிக்குளிசைதான், மாமி.”

மாமி அதை டொக்டரிடம் சொல்ல, மாமிக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “ஓம், அவள் சொல்லுறது சரி.”

அந்தச் சாதாரண வலி மாத்திரையையே கொடுத்தார்கள். திரும்பி வரும்வரை அப்பா ஒழுங்காகத் தூங்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அங்கேயே வலுவான வேறு மருந்து கொடுத்திருப்பார்கள் என்று கொலோன் மருத்துவர் பிறகு சொன்னார். பக்கத்தில் இருந்த அப்பா, “பிள்ளை பால் குடிச்சிட்டாளோ?” என்று என்னிடம் பேச்சை மாற்றினார்.

இப்போது அவர் இல்லை. மருந்தைக் கொண்டுபோகத்தான் கூடாது, அதன் பெயரைச் சொல்ல யாரும் தடுக்கவில்லை. அவ்வளவு வலியிலும் அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானோ அவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.