குழு பார்ப்பதற்காக அடைத்த மடை

கூத்தாநல்லூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வழியில் இருந்த அடிபம்பில் கையைக் கழுவியும் அழுகிய பயிரின் நாற்றம் போகவில்லை. பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கைகாட்டவில்லை. இந்த நாற்றத்தோடு ஒருவர் பக்கத்தில் போய் உட்காரக் கூச்சம். அந்த ஊரை விட்டு என் காலாலேயே வெளியேற வேண்டும்போலவும் இருந்தது.

அங்கே ஒரு அக்காவிடம் நடவிலிருந்து வேலை பார்த்தேன். புருஷன் இல்லாதவர். சென்னையில் இருக்கும் ஒரு குடும்பத்தின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருந்தார். சாலையோரத்து வயல். கார்த்திகை மழையில் பயிர் மூழ்கியது. மழை விட்டதும் வேளாண்மைத் துறைக்காரர் வந்து, தாமதிக்காமல் தண்ணீரை வடியுங்கள், பாதிக்கு மேல் தேறிவிடும் என்றார். வரப்பில் மடையை வெட்டிவிட்டேன். பயிரின் நுனி வெளியே தெரிய ஆரம்பித்த நேரத்தில் கிராம நிர்வாக அலுவலர் பைக்கில் வந்து இறங்கினார்.

“யாரைக் கேட்டுத் திறந்தீங்க? வெள்ளச் சேதத்தைப் பாக்க டெல்லியிலேந்து குழு வருது. காரை நிறுத்திப் பாக்கத் தோதா உங்க வயலைத்தான் தாசில்தார் குறிச்சிருக்காரு. தண்ணிய வடிச்சிட்டா அவங்களுக்கு எதைக் காட்டுறது?”

வேளாண்மைத் துறைக்காரர் சொன்னதை அக்கா சொன்னார். அது வேறு டிபார்ட்மென்ட் என்றார் அவர். குழு பார்த்தால்தான் மத்தியில் பணம் ஒதுக்குவார்கள், அதற்குப் பிறகுதான் மாநிலத்தில் நிவாரணம் அறிவிப்பார்கள், உங்கள் பெயரில் பட்டா இல்லாததால் சாகுபடிச் சான்று நான்தான் தர வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அக்கா என் பக்கம் திரும்பினார். அடைத்துவிடு என்று என்னிடம் கையைக் காட்டினார். உரச் சாக்கில் மண்ணை நிரப்பி மடையை அடைத்தேன்.

சுற்றிலும் இருந்த வயல்களெல்லாம் வடிந்தன. எங்களுடையது மட்டும் குளம்போல நின்றது. மீன் வளர்க்கிறீர்களா என்று போகிறவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள். குழு நாளைக்கு என்றார்கள். பிறகு கோடியக்கரைப் பக்கம் போய்விட்டது என்றார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால் மாவட்டம் சென்னையைக் காட்டியது, சென்னை டெல்லியைக் காட்டியதாம். அக்கா தினமும் வரப்போரம் ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கி வேரைப் பார்ப்பார். வெள்ளையாக இருந்த வேர் கறுத்தது. பிறகு வேர் மண்ணிலேயே தங்கிவிட, தண்டு மட்டும் வழவழவென்று கையோடு வந்தது. அதன் பிறகு அவர் பிடுங்கிப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஒருவழியாக, நான் கிளம்பிய அன்றுதான் கார்கள் வந்தன. சாலையோரம் ஷாமியானா போட்டு, வெள்ளப் படங்களை வரிசையாக மாட்டி வைத்திருந்தார்கள். என்னை வயலில் இறக்கி அழுகியதில் ஒரு கைப்பிடி கொண்டுவரச் சொன்னார்கள். டெல்லி அதிகாரி அதை இரண்டு விரலால் வாங்கினார். பக்கத்து வயல்களைப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார். எனக்குப் பிடிபட்டது ‘வாட்டர்’, ‘ஒய்’ இரண்டும்தான். மற்றதெல்லாம் வடிந்திருக்க இதில் மட்டும் தண்ணீர் ஏன் நிற்கிறது என்று கேட்கிறார் என ஒருவர் தமிழில் சொன்னார்.

நல்ல கேள்வி. பெரிய அதிகாரிகள் தாசில்தாரைப் பார்த்தார்கள். தாசில்தார் கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்தார். “வடிக்காம விட்டுட்டாங்க சார்” என்றார் அவர்.

“நீங்கதானே சார் அடைக்கச் சொன்னீங்க?” என்றார் அக்கா.

இதை யாரும் இங்கிலீஷில் சொல்லவில்லை. கார்கள் கிளம்பின. ஷாமியானாவுக்குள் டீ டம்ளர்கள் உருண்டு கிடந்தன.

நிவாரணம் கிடைக்குமா என்று அக்கா கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேட்டார். குழுவே கேள்வி கேட்டுவிட்டுப் போயிருக்கிறது, வடிக்காமல் அழுகியதை வெள்ளச் சேதம் என்று நான் எழுதினால் எனக்கு மெமோ வரும் என்றார். மடையை அடைக்கச் சொன்னதும் தானாகச் சொன்னதில்லையாம். மேலே சொன்னதைத்தான் சொன்னாராம்.

“மேல அத்தனை பேரு இருக்கீங்க. கீழ நான் ஒருத்திதான் இருக்கேனா சார்?”

அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அவர் போன திசையில் காறித் துப்பினேன். இறங்கிச் சாக்கை உருவினேன். தண்ணீர் இறங்க இறங்கப் பயிர் நிமிரவில்லை. சேற்றோடு சேறாகப் படிந்தது. அக்கா வரப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“இனிமே இங்க உனக்கு என்ன வேலை இருக்கு தம்பி? வேற எடம் பாத்துக்க.”

அப்படித்தான் கிளம்பினேன். இருட்டுவதற்குள் கூத்தாநல்லூர் வந்து பஸ் ஸ்டாண்டில் படுத்தேன்.

காலையில் டீக்கடையில் ஒரு மேஸ்திரி ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். வடிகால் வாய்க்காலில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை எடுக்க வேண்டும், வெள்ளச் சீரமைப்பு வேலை என்றார். கோடையில் செய்திருக்க வேண்டியது. அந்த அக்கா வயல் பக்கத்துத் தண்ணீரும் இந்த வாய்க்காலில்தான் வந்து சேரும். வாய்க்கால் பாலத்தில் எங்களை நிறுத்தி மேஸ்திரி வேலையைச் சொன்னார்.

“குழு திரும்பிப் போகயில இந்தப் பாலத்துல நிக்குமாம். இங்கேருந்து கண்ணுக்குத் தெரியுற வரைக்கும் எடுத்தாப் போதும்.”

அதற்கு அப்பால் என்று கேட்டேன். அது வேறு எஸ்டிமேட் என்றார். சட்டையைக் கழற்றிப் பாலத்துச் சுவரில் போட்டுவிட்டு இறங்கினேன்.