பன்றி அறுக்கும் நாளில் மூன்றாம் வளைவு

வெதூரியாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்தச் சாலைப் பணிமனையில் கிடையாது. பதினோரு குளிர்காலமாக, கார்பாத்திய மலைக் கணவாய்ச் சாலையின் ஆறு வானிலைக் கம்பங்களும் அவள் பொறுப்பு. கம்பத்தடியில் தாரோடு பதித்த தட்டு, ரோட்டில் உப்பு எவ்வளவு கிடக்கிறது, பனி உறைகிறதா என்று பார்த்துச் சொல்லும். உறைகிறது என்று சொல்லிவிட்டால், உப்பு லாரி டிரைவர் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும்.

இக்னாத் நாளன்று எவன் ஓடுவான்? வீட்டுக்கு வீடு பன்றி அறுக்கும் நாள். அன்றைக்கு உப்பு லாரி டியூட்டி சாபினுக்கு. அவன் பன்றியைப் பணிமனைக் கொல்லைக்கே ஓட்டி வந்துவிட்டான்.

காலை பத்து மணிக்கு வெதூரியா திரையைப் பார்த்தாள். காற்று மைனஸ் ஏழு. மூன்றாம் வளைவுத் தட்டு மட்டும், உப்பு ஏராளம், பனி இல்லை என்றது. இரண்டு நாளாக அங்கே யாரும் உப்பே போடவில்லை. பத்தரைக்கு இலாரியே என்ற அவள் புருஷன் பால் டேங்கரோடு அந்த வளைவில்தான் இறங்குவான். போன் போட்டுப் பார்த்தாள், மலையில் சிக்னல் எடுக்கவில்லை.

கொல்லைக்கு ஓடினாள். அங்கே நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, பன்றி அலறிக்கொண்டிருந்தது. சாபினின் கத்தி அதன் கழுத்தில் இறங்கியிருந்தது.

"தட்டுல உப்புத் தண்ணி ஊத்துனது நீதானடா?"

"கோவிச்சுக்காதக்கா, அரை வாளிதான். பாதி அறுத்த பன்னிய விட்டுட்டு ஓடச் சொல்றியா?"

"அவரு வர்ற நேரம்டா. கிளம்பு."

"அண்ணன் கண்ண மூடிக்கிட்டே ஓட்டுவாரு. ஈரல் வறுத்துத் தரேன், உக்காரு."

சுவரோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவன் காதோடு சேர்த்து விட்டாள் ஒன்று. எலும்பு நொறுங்கியது கேட்டது. விழுந்தவன் இடுப்பிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். தடுக்க வந்தவனுக்கு முழங்காலில் ஒன்று. சாபினுக்கு விழுந்த அடி போதாது என்பேன்.

லாரியில் உப்பை இறைத்துக்கொண்டே மலையேறினாள். இரு பக்கமும் தெரியும்படி வளைவில் நின்ற எச்சரிக்கை விளக்கு அணைந்து கிடந்தது. தட்டு சொன்னால்தானே அது எரியும். அதைத் தாண்டி, டேங்கர் பாறையில் மோதிக் கவிழ்ந்திருந்தது. ரோடெல்லாம் பால், பாலோடு ரத்தம். முன்கண்ணாடியை வெறுங்கையால் குத்தி உடைத்தாள். ஸ்டியரிங் இலாரியேயின் நெஞ்சுக்குள் போயிருந்தது.

அவன் கண் திறந்தான்.

"வெது, உன் விளக்கு எரியலையே," என்றான். "ரோடு நல்லாருக்குன்னுதான வேகமா வந்தேன்."

அந்த மலையில் அவளைத் தவிர வேறு எவர் பேச்சையும் அவன் நம்பியதில்லை.