நிறுத்தக் கூடாத ரத்தம்

நர்ஸ் வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்குச் சொல்லித்தந்தது ஒன்றுதான்: ரத்தம் கண்டால் நிறுத்து. பஞ்சை வை, அழுத்து, கட்டு. பூந்தமல்லியில் நான் வேலை பார்த்த பெண்கள் ஆஸ்பத்திரி சின்னது, பிரசவம்தான் அதிகம். ரத்தத்தை நிறுத்துவதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு மிதப்பு இருந்தது. யுத்த காலத்தில் வந்த ஒரு பெண்ணோடு அது போயிற்று.

நெமிலிச்சேரிக்காரி. நடவு வேலைக்குப் போகிறவள், முதல் பிரசவம், பெண் குழந்தை. புருஷன் ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை போடும் வேலையில் இருந்தான். கூட இருந்தது அவள் அம்மா மட்டும்தான். வீட்டுக்கு அனுப்பலாம் என்று இருந்த சமயத்தில் இடது கால் வீங்க ஆரம்பித்தது. தொடையிலிருந்து பாதம்வரை வெளுத்து, தோல் பளபளத்தது. விரல் பட்டாலே கத்தினாள்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். காலுக்குள் ரத்தம் உறைந்து குழாயை அடைத்திருக்கிறது, அது பெயர்ந்து நெஞ்சுக்குப் போனால் அவ்வளவுதான், காலை அசைக்கவோ நீவவோ கூடாது என்றார். மருந்து என்ன என்று கேட்டேன். ஹெபாரின் என்று ஓர் ஊசி இருக்கிறதாம், ரத்தத்தை உறையவிடாதாம். சீமையில் போடுகிறார்கள் என்று அவர் படித்திருக்கிறார், கண்ணால் பார்த்ததில்லை. பட்டணத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம். போனவன் வெறுங்கையோடு வந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படி ஒரு மருந்து இருப்பதே தெரியாமல் இருந்திருக்கலாம்.

அதற்கப்புறம்தான் டாக்டரம்மா அட்டை விடலாம் என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். அட்டையின் எச்சிலிலும் ரத்தத்தை உறையவிடாத ஏதோ இருக்கிறது, நம் கைக்கு எட்டுவது அதுதான் என்றார். ஏரியில் மாடு கழுவுகிறவர் ஒருவர் ஜாடி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கோ அட்டையைப் பார்த்தாலே குமட்டும். காலைத் துடைத்து, துளி பால் தடவி, கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகக் கடிக்கவிட்டேன். படுத்திருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"தெனம் சேத்துல எறங்கி இத்தப் பிச்சிப் பிச்சிப் போட்டுகினு கீறேன். நீ இன்னாடான்னா தேடிப் புடிச்சாந்து ஒட்ட வைக்கிறியே நர்சம்மா!"

நானும் சிரித்தேன். அந்த வலியிலும் வாய் அடங்காத பெண். அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அட்டைகள் குடித்துக் கொழுத்துத் தானாக விழுந்தன. கடிவாயிலிருந்து ரத்தம் வந்துகொண்டே இருந்தது. அதுதான் வேண்டும், கட்டாதே, தானாக நிற்கும்வரை விடு என்பது உத்தரவு. என் கை பஞ்சுக்குப் போகும், திரும்பி வரும். துணி நனைந்தால் மாற்றினேன். நாடி பார்த்தேன், உதடு வெளுக்கிறதா என்று பார்த்தேன். வேறொன்றும் செய்வதற்கில்லை.

அம்மாக்காரிக்குப் பொறுக்கவில்லை. "பெத்தப்பவே எம்மாம் ரத்தம் பூடுச்சி. இன்னும் ஒயுகுது, பாத்துகினு குந்தினு கீறியே, நீயும் பொம்பளதானே?"

பொறுமையாகச் சொன்னேன். அப்புறம் அதட்டியும் சொன்னேன். உள்ளே உறையாமல் இருக்க வெளியே ஒழுகட்டும் என்றால் யாருக்குத்தான் புரியும்? சொன்ன எனக்கே பாதிதான் புரிந்தது.

சாயங்காலம் இன்னொரு பிரசவத்துக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால், கடிவாயெல்லாம் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பி, புடவைக் கிழிசலால் கட்டியிருந்தாள் அம்மாக்காரி. ரத்தம் நின்றிருந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கட்டு அத்தனை நேர்த்தியாக இருந்தது, நான் போட்டிருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பேன். டாக்டரம்மா வந்து கட்டைத் தளர்த்தச் சொன்னார். மறுபடியும் அட்டை விட அந்த உடம்பு தாங்காது என்றார்.

மறுநாள் காலை வீக்கம் கொஞ்சம் வடிந்த மாதிரி இருந்தது. கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாள். அவள் அசையாமல் இருக்க, குழந்தையை நானே பக்கத்தில் படுக்கவைத்துப் பாலுக்குச் சரிசெய்துகொண்டிருந்தேன். "நெஞ்ச அடைக்குது நர்சம்மா" என்று என் கையைப் பிடித்தாள். டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் ஓடி வருவதற்குள் பிடி விட்டுப்போயிருந்தது.

அம்மாக்காரி அழவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

"நான் ரத்தத்த நிறுத்துனதாலயா?"

"இல்லம்மா. அது முன்னாலயே உள்ள உறைஞ்சிருந்தது."

"அப்ப ஒயுக வுட்டிருந்தாலும் பூட்டுதான் இருப்பாளா?"

ஆமாம் என்றால், பின்னே எதற்கு என் பெண்ணை அட்டைக்குக் கொடுத்தாய் என்று கேட்பாள். இல்லை என்றால், மிச்ச காலமெல்லாம் தன் கையையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். உண்மை எனக்குத் தெரியாது. பின்னால் அந்த ஊசி நம் ஊருக்கும் வந்தது, நானே எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறேன். இன்றைக்கும் தெரியாது.

"சொல்லும்மா" என்றாள். குழந்தை பாலுக்கு அழ ஆரம்பித்திருந்தது.