உத்தரத்தில் பிறந்த கருடன்

கரையான்சாவடியில் எங்கள் பெருமாள் கோயிலின் கருட வாகனம் செல்லரித்துப்போக, புதிது செய்ய மலேசியக் காட்டு மரம் வாங்குவதென்று விழாக்குழு முடிவெடுத்தது. நான் மட்டும் மறுத்தேன். அத்தகைய முதுமரப் பொந்தில்தான் இருவாச்சிப் பறவையின் பெடை தன்னை உள்ளே வைத்து அடைத்துக்கொண்டு அடைகாக்கும். சேவல் கனி கொணர்ந்து ஊட்டும். காடுகள் அழிய அழிய அவ்வினமே அருகிவருகிறது என்றேன்.

"அப்போ வைகாசி கருட சேவைக்கு சாமிய ஆட்டோலயா ஏத்திகினு போறது?" என்றார் ஒருவர்.

எல்லோரும் சிரித்தனர். அம்பத்தூரில் லேத் ஓட்டும் என் அண்டைவீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

"நைனா சொல்றது கரீட்டு. ஒரு பறவைய செய்ய இன்னொரு பறவ ஊட்ட இடிப்பியா? ஃபிளாட் கட்ட எங்க ஊட்ட இடிச்சோம்ல, தேக்கு உத்தரம் சும்மாதான் கீது. எடுத்துக்க."

மேலும் நான்கு வீட்டார் தங்கள் பழைய உத்தரங்களைத் தந்தனர். அவற்றில் கருடனைச் செதுக்கிய ஸ்தபதி இடச் சிறகிலிருந்த பழைய ஆணித் துளையை அடைக்க முற்பட்டார். வேண்டாம், அது வீட்டு உத்தரம் என்பதற்கு அடையாளமாக இருக்கட்டுமென்றேன்.

இவ்வைகாசியில் புள்ளேறிப் பெருமாள் வீதிக்கு எழுந்தருளியபோது, பாசுரம் பாடும் கோஷ்டியில் நின்ற நான் அத்துளையைக் கண்ணாரக் கண்டேன். எங்கள் கருடனுக்காக எந்தக் காட்டிலும் ஒரு கூடும் கலையவில்லை.